செவிகளால் வரைந்த வானம்

1921-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள ஆர்ட்ராசன் என்னும் ஊரின் கடலோர வெளியில், காற்றும் மழையும் மோதிக்கொண்டிருந்த ஒரு கூடாரத்துக்குள், பால் காட்லி என்ற அமெரிக்கர் காதுகளில் ஒலிகேட்பான்களை மாட்டிக்கொண்டு இரவெல்லாம் விழித்திருந்தார். அமெரிக்காவில் வானொலியை ஜீவனத்துக்காக அல்லாமல் ஆர்வத்தால் மட்டுமே பயின்றுவந்த அமெச்சூர்களின் சங்கமாகிய அமெரிக்கன் ரேடியோ ரிலே லீக், தன் அங்கத்தினர் வீடுகளில் தாமே அமைத்துக்கொண்ட சிறு பரப்பிகளின் குரல் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டுகிறதா என்று அறிந்துவருவதற்காக அவரை அனுப்பியிருந்தது. தரையிலிருந்து சற்றே உயர்த்திப் பல நூறு அடி தூரம் அமெரிக்கத் திசை நோக்கி இழுத்துக் கட்டிய கம்பி ஒன்றும், நுண்ணிய ஏற்பி ஒன்றும், கேட்டதை உறுதிசெய்யச் சாட்சியாக ஒருவரும் அவருடன் இருந்தனர். கனெக்டிகட் மாநிலத்தின் கிரீனிச்சில் அமைந்த 1பிசிஜி என்ற நிலையம், ஏறத்தாழ 230 மீட்டர் அலைநீளத்தில் அனுப்பிய மோர்ஸ் சமிக்ஞைகளை அவர் தெளிவாகக் கேட்டார். அதைத் தொடர்ந்து இருபதுக்கும் மேற்பட்ட அமெரிக்க நிலையங்கள் அவர் செவியில் விழுந்தன.

இந்நிகழ்ச்சியை வானொலிச் சரித்திரக்காரர்கள் தூரத்தை வென்ற வெற்றியாகவே எழுதிவருகிறார்கள். எனக்கோ, அதில் அடங்கிய வேறொரு விஷயம் இதைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. கிரீனிச்சில் மோர்ஸ் விசையைத் தட்டிக்கொண்டிருந்தவர்களுக்குத் தம் குரல் எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்ளத் தம் கருவிகளால் வழியில்லை. அக்கரையில் ஒருவர் கேட்டு, கேட்டதை நேரத்தோடு குறித்துவைத்து, அக்குறிப்பை வேறொரு மார்க்கத்தால் இக்கரைக்குச் சேர்ப்பித்தால்தான் அந்தச் சமிக்ஞை கடலைக் கடந்தது என்பது ஓர் உண்மையாக நிலைபெறும். 'இன்ன நிலையத்தை, இன்ன வேளையில், இன்ன அதிர்வெண்ணில், இன்ன இடத்திலிருந்து கேட்டேன்' என்ற ஒற்றை வரி அது. அந்த வரியை உலகெங்குமுள்ள அமெச்சூர்கள், கேட்ட அக்ஷணமே ஒருவருக்கொருவர் தெரிவிக்கும் வழக்கம் எவ்வாறு வளர்ந்தது என்பதும், பொழுதுபோக்காகத் தொடங்கிய அவ்வழக்கம் வானத்தின் உயரத்தை ஆராயும் ஒரு விஞ்ஞான சாதனமாக எவ்வாறு மாறியது என்பதுமே இந்த அத்தியாயத்தின் பொருள்.

கேட்ட செய்தியை உடனுக்குடன் தெரிவிக்கவேண்டிய அவசியம் என்ன என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். நேர்கோட்டில் செல்லும் இயல்புடைய வானொலி அலை, உருண்டையான பூமியை வளைத்துக்கொண்டு எப்படிச் செல்கிறது என்ற கேள்வி, 1901-இல் மார்க்கோனி நியூஃபவுண்ட்லாந்தில் இங்கிலாந்தின் சமிக்ஞையைக் கேட்டதாக அறிவித்த நாளிலிருந்தே விஞ்ஞானிகளைத் துளைத்துவந்தது. மறு வருஷமே அமெரிக்காவில் கென்னலியும் இங்கிலாந்தில் ஹெவிசைடும் தனித்தனியே, மேல்வானத்தில் மின்சாரத்தைக் கடத்தும் ஓர் அடுக்கு இருந்து அலைகளைத் திருப்பி அனுப்புகிறது என்று ஊகித்தார்கள். 1924-இல் எட்வர்டு ஆப்பிள்டன் தம் சகாவான பார்னெட்டுடன் சேர்ந்து, போர்ன்மத் நகர ஒலிபரப்பு நிலையத்தின் அலைகளை ஆக்ஸ்ஃபோர்டில் ஏற்று, தரைவழியே வந்த அலையும் வானத்தில் மோதித் திரும்பிய அலையும் ஒன்றோடொன்று கலக்கும் விதத்தைக் கொண்டு அந்த அடுக்கின் உயரத்தையே அளந்துகாட்டினார். அதன் பயனாக 1947-இல் நோபல் பரிசும் பெற்றார்.

அயனிமண்டலம் என்று நாம் இன்று வழங்கும் இந்தப் பிரதேசத்தை உண்டாக்குபவன் சூரியனே. அவனுடைய புறஊதாக் கிரணங்களும் எக்ஸ் கிரணங்களும் மெல்லிய மேல்காற்றிலுள்ள அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரித்துவிட, அவ்வாறு பிரிந்த எலெக்ட்ரான்களின் கூட்டமே வானொலி அலைகளை வளைத்துப் பூமிக்குத் திருப்புகிறது. 60 கிலோமீட்டரிலிருந்து 90 கிலோமீட்டர் வரை உயரமுள்ள கீழடுக்கு பகலில் மட்டும் தோன்றி, தாழ்ந்த அதிர்வெண்களை விழுங்கிவிடுகிறது. 200 கிலோமீட்டருக்கு மேலேயுள்ள உயரடுக்கோ இரவிலும் ஓரளவு நிலைத்திருந்து, ஒரே தாவலில் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் தூரம் வரை அலையைக் கொண்டு சேர்க்கிறது. சூரியன் உதிக்கும்போதும் அஸ்தமிக்கும்போதும், கீழடுக்கு அழிந்தும் மேலடுக்கு அழியாமலும் இருக்கும் சில நிமிஷங்களில், மற்ற வேளைகளில் கனவிலும் எட்டாத தேசங்கள் பக்கத்து வீட்டுக் குரலாகக் கேட்பதுண்டு. பதினோரு வருஷங்களுக்கொரு முறை ஏறி இறங்கும் சூரியப் புள்ளிகளின் கணக்கு இவற்றின்மேல் வேறு ஆட்சி செலுத்துகிறது. ஆகவே ஒரு குறிப்பிட்ட தேசத்துக்கான வழி இன்று மாலை ஏழு மணிக்குத் திறந்து ஏழேகாலுக்கு மூடிவிடலாம். நாளை திறக்காமலே போகலாம். அந்த வழி திறந்திருக்கிறது என்ற செய்தி மறுநாள் தபாலில் வந்தால் ஏட்டில் பதிந்துவைக்கலாமே தவிர, அதனால் வேறு பிரயோஜனம் இல்லை.

தூர நிலையங்களைத் தேடிப் பிடிக்கும் வேட்கையை அமெச்சூர்கள் டிஎக்ஸ் என்பார்கள். அந்த வேட்கைக்கு ஓர் ஒழுங்கைத் தந்தது, மேற்சொன்ன சங்கம் 1937-இல் ஏற்படுத்திய டிஎக்ஸ்சிசி என்ற விருது. தேசங்களும், தேசத்தோடு ஒட்டாத தீவுகளுமாக இன்று 340 இடங்கள் அதன் பட்டியலில் உள்ளன. அவற்றுள் நூறு இடங்களுடனாவது தொடர்புகொண்டு, அத்தொடர்பை உறுதிசெய்யும் க்யூஎஸ்எல் அட்டை முதலிய சான்றுகளைச் சேர்த்தவருக்கே அது கிட்டும். மனிதர் வசிக்காத இடங்களும் பட்டியலில் உண்டாகையால், தென் அட்லாண்டிக்கில் பனி மூடிக் கிடக்கும் நார்வே நாட்டின் பூவே தீவு போன்ற இடங்களுக்கு அமெச்சூர்கள் கப்பலமர்த்திச் சென்று, சில நாள்கள் மட்டும் நிலையம் நடத்தித் திரும்புகிறார்கள். 2023-இல் அங்கே அவ்வாறு ஒரு குழு போய் வந்தது. அத்தகைய நிலையம் எந்த அதிர்வெண்ணில் எப்போது தோன்றும் என்று காத்திருப்பவர்கள் உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர்.

ஒருவர் கேட்டதைப் பிறருக்குச் சொல்லும் முறைகள் மெல்ல மெல்லவே வேகம் பெற்றன. முதலில் தபாலில் வரும் அச்சிட்ட இதழ்களே துணையாயிருந்தன. பின்னர் ஒரே ஊரைச் சேர்ந்த நண்பர்கள், அபூர்வமான நிலையம் ஒன்று காதில் விழுந்ததும், அது நள்ளிரவானாலும், டெலிபோனில் ஒருவரையொருவர் எழுப்பினார்கள். அதன்பின், உள்ளூர் எல்லைக்குள் மட்டும் எட்டும் 144 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், நாள் முழுவதும் ஓர் ஏற்பியைத் திறந்துவைத்திருக்கும் பழக்கம் வந்தது. சிற்றலையில் தூர தேசத்துக் குரலைக் கேட்டவர் இந்த உள்ளூர் வரிசைக்குத் தாவி அதிர்வெண்ணை அறிவித்துவிட்டு மீண்டும் தம் வேட்டைக்குத் திரும்புவார். இரை கண்ட காகம் தனியே உண்ணாமல் கரைந்து தன் இனத்தைக் கூட்டுவது போன்ற குணம் அது. போட்டியும் பொறாமையும் இயல்பாகவே மலிந்திருக்கக்கூடிய ஒரு வேட்டையில், கண்டதை மறைக்காமல் சொல்லுவதே மரியாதை என்று வழக்கப்படுத்திக்கொண்ட அந்த மனிதர்களிடம் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

1980-களின் பிற்பகுதியில் டிக் நியூவெல் என்ற அமெரிக்க அமெச்சூர், இந்தக் கரைதலைக் கம்ப்யூட்டரின் வசம் ஒப்படைத்தார். எழுத்துகளைச் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி, பிழை நேர்ந்தால் மறுபடி அனுப்பும்படி வகுத்து, வானொலி மூலமே கம்ப்யூட்டர்களைப் பேசவைக்கும் பாக்கெட் ரேடியோ என்னும் முறை அப்போது அமெச்சூர்களிடையே பரவியிருந்தது. வினாடிக்கு 1,200 பிட் என்ற, இன்றைய கணக்கில் நத்தையினும் மெதுவான வேகத்தில் அது இயங்கியது. அவர் எழுதிய பாக்கெட்கிளஸ்டர் என்ற புரோகிராம், ஒரு மையக் கம்ப்யூட்டருடன் சுற்றுவட்டாரத்து அமெச்சூர்கள் பலர் ஒரே வேளையில் இணைந்திருக்க இடமளித்தது. அவர்களில் ஒருவர் அதிர்வெண்ணையும் கேட்ட நிலையத்தின் அழைப்புக் குறியையும் ஒரு சிறு குறிப்பையும் தட்டிவிட்டால், அனுப்பியவரின் அழைப்புக் குறியும் சர்வதேச நேரமும் தாமே சேர்ந்து, அந்த ஒற்றை வரி மற்ற எல்லோருடைய திரையிலும் தோன்றும். மையங்கள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டபோது வரி ஊர்விட்டு ஊர் பாய்ந்தது. 1990-களில் இண்டர்நெட் வந்து சேர்ந்ததும் கண்டம்விட்டுக் கண்டம் பாய்ந்தது. ஸ்பாட் என்று அவர்கள் அழைக்கும் அந்த வரியின் வடிவம், நியூவெல்லின் நாளிலிருந்து இன்றுவரை பெரிதும் மாறவில்லை.

இத்தகைய கவனம் அனைத்தும் நம் தேசத்தின் ஒரு தீவின்மேல் குவிந்திருந்த காலம் ஒன்று உண்டு. அமெச்சூர் நிலையம் பல ஆண்டுகளாக இயங்காமலிருந்த அந்தமான் தீவுகளுக்கு, 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற இந்தியப் பெண்மணியின் தலைமையில் ஒரு குழு சென்று, போர்ட் பிளேரிலிருந்து வியூ4ஆர்பிஐ என்ற அழைப்புக் குறியுடன் பேசத் தொடங்கியிருந்தது. உலகின் வேட்டைக்காரர்களெல்லாம் அந்தக் குறியைத் தேடிக்கொண்டிருந்த வேளையில், 26-ஆம் தேதி காலை பூமி நடுங்கியது, சுனாமி வந்தது. டெலிபோன்கள் செயலற்றுப்போன அந்நாள்களில், விருதுக்கும் அட்டைக்குமாகக் கொண்டுசெல்லப்பட்ட அதே கருவிகள் தீவுகளுக்கும் தாய்நாட்டுக்கும் இடையே உயிர்த் தொடர்பாக நின்று, உறவினரைப் பற்றிய செய்திகளை ஏந்திச் சென்றன. பொழுதுபோக்கு என்று இதை இலேசாக எண்ணுவோர் அந்த டிசம்பரை அறியவேண்டும்.

இம்முறையில் குறைகளும் இல்லாமலில்லை. மோர்ஸில் ஒரு புள்ளியைத் தவறவிட்டுக் கேட்டவர், இல்லாத நிலையம் ஒன்றை உலகுக்கு அறிவித்துவிடுவார். திரையில் கண்டதையே நம்பித் தம் காதால் சரிபார்க்காமல் அழைப்போர் அப்பிழையைப் பெருக்குவார்கள். ஓர் அபூர்வ நிலையத்தின் அதிர்வெண் அறிவிக்கப்பட்ட சில வினாடிகளுக்குள் நூற்றுக்கணக்கானோர் அதன்மேல் ஒருசேர விழுவதால், அந்நிலையத்தார் தாம் பேசும் அதிர்வெண் ஒன்றும் கேட்கும் அதிர்வெண் சற்று மேலே வேறொன்றுமாகப் பிரித்துக்கொண்டு சமாளிக்க நேர்கிறது. போட்டிகளில், இவ்வறிவிப்புகளின் உதவி பெற்றவருக்கும் தம் செவியையே நம்பியவருக்கும் தனித்தனிப் பிரிவுகள் வைத்திருப்பது நியாயமே. முதலில் கேள், பிறகு அழை என்ற பழைய பாடத்தை எந்தத் திரையும் ரத்துசெய்துவிடவில்லை.

மனிதர் கேட்டுச் சொல்லும் செய்தியில் ருசி உண்டு. ஆனால் அளவை இல்லை. அபூர்வமானதை அறிவிப்பார்கள், சாதாரணமானதைச் சொல்லாமல் விடுவார்கள். வானத்தின் நிலையை அறிய விரும்புவோருக்குச் சாதாரணமானதே அதிகம் வேண்டும். இதற்கு ஒரு விடையாக, சர்வதேச அமெச்சூர் வானொலி ஒன்றியமும் வட கலிபோர்னியா டிஎக்ஸ் அறக்கட்டளையும் சேர்ந்து உலகெங்கும் 18 கலங்கரை நிலையங்களை நிறுவின. நமக்கு அண்மையிலுள்ளது கொழும்பில் இருக்கும் 4எஸ்7பி. 14.100 மெகாஹெர்ட்ஸ் முதலிய ஐந்து அதிர்வெண்களில் ஒவ்வொரு நிலையமும் தன் முறை வரும்போது பத்து வினாடி பேசும்: முதலில் 100 வாட் சக்தியில் தன் அழைப்புக் குறியை மோர்ஸில் சொல்லி, பின் ஒரு வினாடி நீளமுள்ள நான்கு கோடுகளை 100 வாட், 10 வாட், 1 வாட், பத்தில் ஒரு வாட் என இறங்குமுகமாக அனுப்பும். மூன்று நிமிஷம் காதைத் தீட்டி உட்கார்ந்தால், உலகின் எந்தத் திசை திறந்திருக்கிறது, எத்தனை சிறிய சக்திக்குத் திறந்திருக்கிறது என்று ஒரே அதிர்வெண்ணில் அறிந்துவிடலாம். இதைவிடச் சிக்கனமான, அழகான பரிசோதனை ஒன்றை நான் அறியேன்.

2008-இல் இவ்வமைப்பைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கும் எண்ணம் பிறந்தது. அலெக்ஸ் ஷோவ்கோப்ளியாஸ் என்ற கனடா நாட்டு அமெச்சூர், ஓர் அலைவரிசை முழுவதிலும் ஒரே வேளையில் ஒலிக்கும் மோர்ஸ் சமிக்ஞைகள் அத்தனையையும் தனித்தனியே படித்தறியும் சிடபிள்யூ ஸ்கிம்மர் என்ற புரோகிராமை எழுதியிருந்தார். அத்தகைய தானியங்கி ஏற்பிகளைப் பல தேசங்களில் ஓயாமல் விழித்திருக்கச் செய்து, 'யாரேனும் உண்டோ' என்று பொதுவாக அழைப்பவர் எவராயினும் அவருடைய அழைப்புக் குறி, அதிர்வெண், இரைச்சலுக்கு மேல் சமிக்ஞை எத்தனை டெசிபெல் உயர்ந்து நின்றது என்பன எல்லாவற்றையும் பதிவுசெய்யும் ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க் உருவாயிற்று. கலங்கரை நிலையத்தில் பேசுவோர் சிலர், கேட்போர் பலர். இங்கே பேசும் எவரும் கலங்கரையாகிவிட, கேட்பவையே நிலையான இடங்களில் அமர்ந்திருக்கின்றன. தூங்காத, சலிக்காத, அபூர்வமென்றும் சாதாரணமென்றும் பாராத செவிகள் அவை.

அதே வருஷத்தில் ஜோசப் டெய்லர் இன்னொரு சாதனத்தை அளித்தார். 1974-இல் ரஸ்ஸல் ஹல்ஸுடன் சேர்ந்து இரட்டைப் பல்ஸார் ஒன்றைக் கண்டுபிடித்து, அதற்காக 1993-இல் நோபல் பரிசு பெற்ற பௌதிக அறிஞர் அவர். இளமை முதலே அமெச்சூரும்கூட. இரைச்சலில் புதைந்த பலவீனமான நாடித்துடிப்புகளை விண்மீன்களிடையே தேடிப் பழகிய அவர், அதே கலையை ஆர்வலரின் மேஜைக்குக் கொண்டுவந்தார். விஸ்பர் என்ற அவருடைய முறையில், நிலையத்தின் அழைப்புக் குறியும் இடமும் சக்தியும் அடங்கிய ஒரே வாசகம், ஆறு ஹெர்ட்ஸ் அகலமே உள்ள மெல்லிய இழையாக ஏறத்தாழ இரண்டு நிமிஷம் நீட்டி அனுப்பப்படுகிறது. மனிதச் செவிக்கு அறவே எட்டாத அளவுக்கு அது இரைச்சலில் அமுங்கியிருந்தாலும் கம்ப்யூட்டர் அதைப் படித்துவிடுகிறது. ஒரு வாட்டுக்கும் குறைந்த சக்தி சமுத்திரங்களைக் கடப்பது இம்முறையில் அன்றாட நிகழ்ச்சி. 2017-இல் ஸ்டீவ் ஃபிராங்க்குடன் சேர்ந்து டெய்லர் வெளியிட்ட எஃப்டி8 என்ற முறை, பதினைந்து வினாடிக்கொரு வாசகம் என்று பேச்சைச் சுருக்கியது. அதைக் கேட்கும் ஏற்பிகள் தாம் கேட்டதையெல்லாம் பிஎஸ்கே ரிப்போர்ட்டர் போன்ற பொதுக் களஞ்சியங்களுக்குத் தாமாகவே அனுப்பிவைக்கின்றன.

இக்களஞ்சியங்களின் மதிப்பு 2017 செப்டம்பரில் புலனாயிற்று. அம்மாதம் 6-ஆம் தேதி, இர்மா என்ற பெரும்புயல் கரீபியத் தீவுகளைச் சூறையாடிக்கொண்டிருந்த நாளில், சூரியனில் எக்ஸ்9.3 என்ற அளவுடைய பிரம்மாண்டமான சுடர் வெடித்தது. அதன் எக்ஸ் கிரணங்கள் எட்டு நிமிஷத்தில் பூமியை அடைந்து, நாம் முன்னே சொன்ன கீழடுக்கைத் திடீரெனத் தடிக்கச் செய்ய, பகலில் இருந்த பாதி உலகத்தில் சிற்றலைகள் விழுங்கப்பட்டன, 14.325 மெகாஹெர்ட்ஸில் புயற்செய்தி சேகரித்துக்கொண்டிருந்த அமெச்சூர்களின் வலையும் மௌனமாயிற்று. நதானியேல் ஃபிரிஸ்ஸல் முதலிய ஆராய்ச்சியாளர்கள் பின்னர் ரிவர்ஸ் பீக்கன், விஸ்பர் பதிவுகளைப் பரப்பிவைத்துப் பார்த்தபோது, 6, 7, 10 தேதிகளின் சுடர்கள் உண்டாக்கிய மௌனம் பல பத்து நிமிஷங்களாகவும் மணிக்கணக்காகவும் நீடித்து எவ்வாறு விலகியது என்பதும், 8-ஆம் தேதி காந்தப்புயல் முதலில் 14 மெகாஹெர்ட்ஸையும் பின்பு 7 மெகாஹெர்ட்ஸையும் எவ்வாறு துடைத்தெறிந்தது என்பதும் அவ்வரிகளிலேயே எழுதப்பட்டிருந்தன. எழுதியவர்களில் பெரும்பாலோர் தாம் ஒரு விஞ்ஞான ஆராய்ச்சிக்குக் குறிப்பெடுக்கிறோம் என்று எண்ணியிருக்கமாட்டார்கள்.

ஆயினும் இப்பதிவுகளை உலகப் படத்தில் கோடுகளாக வரைந்து வாசிப்பதில் எச்சரிக்கை வேண்டும். அமெச்சூர்கள் எங்கே நெருங்கி வாழ்கிறார்களோ அங்கே மட்டும் கோடுகள் அடர்ந்திருக்கும். ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் ஜப்பானும் நிறைந்து தெரிய, சமுத்திரங்களும் ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியும் வெறுமையாய்க் கிடக்கும். வார இறுதியில் வானம் திறந்துகொண்டதாகத் தோன்றும். உண்மையில் போட்டி நடந்துகொண்டிருக்கும். எல்லாவற்றினும் கடினமானது மௌனத்தின் பொருளை அறிவது: ஒரு நிலையம் கேட்கவில்லையென்றால், வழி அடைபட்டதா, அல்லது அங்கே எவரும் அந்நேரத்தில் பேசவே இல்லையா? ஒரு வரி இருப்பது சாட்சியம். இல்லாதது சாட்சியமாவதற்கு, அந்த வேளையில் பேசிக்கொண்டிருந்தார்கள் என்ற உறுதி தேவை.

2017 ஆகஸ்ட் 21-ஆம் தேதி அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்கே கடந்த பூரண சூரிய கிரகணத்துக்கு ஆயத்தமானபோது, ஹாம்சை என்ற கூட்டமைப்பைச் சேர்ந்தவர்கள் இந்தக் குறையை நிவர்த்திக்க ஓர் எளிய உபாயம் செய்தார்கள்: கிரகண வேளையில் அமெச்சூர்களுக்குள் ஒரு போட்டியை அறிவித்துவிட்டார்கள். புள்ளி சேர்க்கும் ஆவலில் ஆயிரக்கணக்கானோர் இடைவிடாமல் அழைத்துக்கொண்டேயிருக்க, தானியங்கிச் செவிகள் அத்தனையையும் பதிந்துகொண்டன. சந்திரனின் நிழல் ஓடிய பாதையில், பகற்பொழுதிலேயே 14 மெகாஹெர்ட்ஸ் தளர்ந்து, இரவுக்குரிய தாழ்ந்த அலைவரிசைகள் விழித்துக்கொண்டன. கிரகணத்தின் உச்சத்துக்கு இருபுறமும் இம்மாறுதல் 1.8 மெகாஹெர்ட்ஸில் இருபது நிமிஷம் அளவிலும், 3.5, 7 மெகாஹெர்ட்ஸ்களில் முக்கால் மணி நேரமும், 14 மெகாஹெர்ட்ஸில் ஒரு மணி நேரமும் நீடித்ததாகக் கணக்கிட்டார்கள். இதே கிரகணத்தைக் கணித முறையில் அயனிமண்டல மாதிரி ஒன்றில் நிகழ்த்தி, அதனூடே அலைகளைச் செலுத்திப் பார்த்தபோது, தாழ்ந்த மூன்று வரிசைகளும் 125 கிலோமீட்டருக்கு மேலே வளைந்திருக்க வேண்டும் என்றும், 14 மெகாஹெர்ட்ஸ் அலைகளோ தொடுவானத்தை ஒட்டிப் பத்துப் பாகைக்கும் குறைந்த சாய்வில் புறப்பட்டு அதற்குக் கீழேயே வளைந்து திரும்பியிருக்க வேண்டும் என்றும் தெரியவந்தது. உலகளாவிய அமெச்சூர் வலை ஒன்றின் அளவைகளைக் கொண்டு கிரகணத்தின்போது அயனிமண்டலத்தை ஆராய்ந்தது அதுவே முதல் முறை. 2024 ஏப்ரல் 8-ஆம் தேதி நிழல் மீண்டும் அக்கண்டத்தின் மேல் ஓடியபோது, அதே போட்டி மறுபடியும் நடத்தப்பட்டது.